மேல்மாடி வைஃபை: பழைய ரவுட்டரை அக்சஸ் பொயின்ற் ஆக்கிய விதம்

கொழும்பு வெள்ளவத்தைப் பக்கத்து மாடி வீடுகளில் கொங்கிறீட் தட்டைத் தாண்டி 5 கிகாஹேர்ட்ஸ் வைஃபை சிக்னல் ஒழுங்காக ஏறாது. மலிவான ரிப்பீட்டர் (சிக்னலை வாங்கித் திருப்பி அனுப்பும் கருவி) வாங்காதீர்கள். ஒரே ரேடியோவில் சிக்னலை வாங்கி அதிலேயே திருப்பி அனுப்புவதால் வேகம் பாதியாகிவிடும். கீழே உள்ள ரவுட்டரிலிருந்து மேலே கேபிள் இழுத்து, பழைய ரவுட்டரை அக்சஸ் பொயின்ற் (அதே வலையமைப்பை வைஃபையாகக் கொடுக்கும் கருவி) ஆக்குவதுதான் வழி.

20 மீற்றர் கேட் 6 வகை நெற்வேர்க் கேபிள் போதுமாக இருந்தது. முழுச் செம்பா என்று கேட்டு வாங்குங்கள், செம்பு பூசிய அலுமினியம் சீக்கிரம் முறியும்.

பழைய ரவுட்டரை முதலில் லப்டொப்பில் மட்டும் இணைத்து, முகவரியை 192.168.1.2 ஆக்கி (பிரதான ரவுட்டர் 192.168.1.1), டிஎச்சிபியை (கருவிகளுக்குத் தானாக முகவரி கொடுக்கும் வசதி; அதைப் பிரதான ரவுட்டரே செய்யும்) நிறுத்தினேன். பிறகுதான் கேபிள், அதுவும் பழைய ரவுட்டரின் லான் (வீட்டுக் கருவிகளுக்கான) துளையில். வான் (இணைய இணைப்புக்கான) துளையில் செருகினால் இரண்டு வலையமைப்பாகப் பிரிந்து, மேலே உள்ள பிரிண்டர் கீழே தெரியாது.

வைஃபை பெயரும் கடவுச்சொல்லும் இரண்டு ரவுட்டரிலும் ஒன்றே. 2.4 கிகாஹேர்ட்ஸில் கீழே சனல் 1, மேலே 6, அகலம் 20 மெகாஹேர்ட்ஸ். கீழ் ரவுட்டரின் சிக்னல் வலுவை நடுத்தரத்துக்குக் குறைத்தால்தான் போன் அதை விட்டு மேலதைப் பிடிக்கும்.

எல்லாம் சரியாக இருந்தும் வேகம் 94 மெகாபிட்டில் நின்றது. கேபிளின் ஆர்ஜே45 முனையை (செருகும் பிளாஸ்ரிக் தலை) வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன்: மண்ணிறக் கம்பி நுனிவரை போகவில்லை. கிகாபிட் (1000 மெகாபிட்) வேகத்துக்கு 8 கம்பியும் தொடவேண்டும். முனையை வெட்டி, புதியதை மறுபடி கிறிம்ப் செய்ததும் (கருவியால் அழுத்திப் பொருத்தியதும்) சரிவந்தது.