குறைந்த வோல்ட்டில் அகன்ற அதிர்வெண் ஆஸிலேட்டர்: எங்கே சறுக்குகிறது?

இரண்டு ஏஏ செல்லில் ஓட வேண்டும், சில நூறு ஹெர்ட்ஸிலிருந்து மெகாஹெர்ட்ஸ் வரை திருகிக்கொண்டே போக வேண்டும். எலக்ட்ரானிக்ஸில் கை வைத்த பலருக்கும் இப்படி ஒரு சிக்னல் ஜெனரேட்டர், அதாவது வேண்டிய அதிர்வெண்ணில் அலை தரும் கருவி, செய்யும் ஆசை வரும். குறைந்த வோல்ட், அகன்ற வீச்சு என்ற இரண்டில் ஒன்று மட்டும் போதுமென்றால் வேலை சுலபம். இரண்டும் சேரும்போது, அலையை உண்டாக்கும் ஆஸிலேட்டர் சர்க்யூட் ஓரங்களில் தோற்கிறது. மேசையில் 5 வோல்ட் சப்ளை கொடுத்து, திருகியை நடுவில் வைத்துப் பார்த்து “வேலை செய்கிறது” என்று முடிவு கட்டுவதுதான் எல்லாவற்றிலும் பெரிய தவறு.

முதலில் வோல்டேஜ். புது ஆல்கலைன் செல் இரண்டு சேர்ந்தால் 3 வோல்ட்டுக்குச் சற்று மேலே இருக்கும். செல்லுக்கு 0.9 வோல்ட் வரை உறிஞ்ச நினைத்தால் கடைசியில் மிஞ்சுவது 1.8 வோல்ட். கணக்குப் போட வேண்டியது அந்த 1.8-க்குத்தான். பழைய பைபோலார் (சாதாரண டிரான்சிஸ்டர் வகை) 555 டைமர் ஐசிக்கு டேட்டாஷீட் (தயாரிப்பாளர் தரும் விவரத்தாள்) உறுதி தருவது 4.5 வோல்ட்டிலிருந்துதான். அதற்குக் கீழேயும் சில ஐசிகள் ஓடும், ஆனால் அடுத்து வாங்கும் ஐசி ஓடும் என்று சொல்ல முடியாது. குறைந்த மின்சாரத்தில் ஓடும் சிமாஸ் வகையில் டிஎல்சி555 2 வோல்ட்டிலும், எல்எம்சி555 1.5 வோல்ட்டிலும் வேலை செய்யும். ஆனால் டேட்டாஷீட்டின் முதல் பக்கத்தில் பெரிதாகப் போட்டிருக்கும் வேகம் அந்தக் குறைந்த வோல்ட்டிலும் கிடைக்கும் என்று நம்பிவிடாதீர்கள். உள்ளே இருக்கும் அட்டவணையில், எந்த வோல்ட்டில் அளந்தார்கள் என்ற பத்தியைப் படியுங்கள்.

இதை 74எச்சி14 ஷ்மிட் இன்வெர்ட்டரில் (இன்புட் ஏறும்போது ஒரு வோல்டேஜிலும் இறங்கும்போது வேறொன்றிலும் அவுட்புட்டைப் புரட்டும் கேட்கள் கொண்ட ஐசி) கண்கூடாகப் பார்க்கலாம். ஒரு கேட், ஒரு ரெசிஸ்டர், ஒரு கெப்பாசிட்டர், ஆஸிலேட்டர் தயார். அதனால்தான் எல்லோரும் இதற்கே போகிறார்கள். கெப்பாசிட்டர் ஏறி இறங்கும் இரண்டு வாசல் வோல்டேஜ்கள்தான் அதன் அதிர்வெண்ணைத் தீர்மானிக்கின்றன. டேட்டாஷீட்டின் வழக்கமான மதிப்புகளை எடுத்துக்கொண்டால், 4.5 வோல்ட் சப்ளையில் மேல் வாசல் 2.38, கீழ் வாசல் 1.40. சூத்திரத்தில் போட்டால் ஒரு சுற்றுக்கான நேரம் சுமார் 0.91 ஆர்சி (ஆர்சி என்பது ரெசிஸ்டன்ஸ் × கெப்பாசிட்டன்ஸ்). 2 வோல்ட்டில் வாசல்கள் 1.18, 0.52. இப்போது நேரம் 1.41 ஆர்சி. ரெசிஸ்டரும் கெப்பாசிட்டரும் அப்படியே இருக்க, 10 கிலோஹெர்ட்ஸ் என்று குறித்து வைத்த இடம் 6.5 கிலோஹெர்ட்ஸுக்கு இறங்கிவிட்டது. போதாததற்கு, கேட்டின் தாமதமும் 15 நானோசெகண்டிலிருந்து 41-க்கு ஏறுகிறது. கிலோஹெர்ட்ஸில் அது தெரியாது, மெகாஹெர்ட்ஸில் நன்றாகத் தெரியும்.

555 குடும்பம் இந்த விஷயத்தில் மேல். அதன் வாசல்கள் சப்ளையில் மூன்றில் ஒரு பங்கு, மூன்றில் இரண்டு பங்கு என்று உள்ளேயே பிரித்து வைக்கப்பட்டவை. சப்ளை இறங்கினால் வாசலும் சேர்ந்து அதே விகிதத்தில் இறங்கும், அதிர்வெண் பெரிதாக அசையாது. டயலில் எண் எழுதப் போகிறீர்கள் என்றால் நான் சிமாஸ் 555-ஐயே சொல்வேன். 74எச்சி14-தான் வேண்டுமென்றால் சப்ளையை ரெகுலேட் செய்தே ஆக வேண்டும். அந்த ஐசிக்கே 2 வோல்ட்தான் கீழ் எல்லை என்பதையும் மறக்க வேண்டாம்.

அடுத்தது வீச்சு. 1 மெகாஓம் லீனியர் பாட் (திருகினால் மதிப்பு சீராக மாறும் ரெசிஸ்டர்), அதோடு தொடரில் 1 கிலோஓம், ஆக ஆயிரம் மடங்கு வீச்சு கிடைத்துவிட்டது என்று காகிதத்தில் சந்தோஷப்படலாம். அதிர்வெண் ரெசிஸ்டன்ஸுக்குத் தலைகீழ் விகிதத்தில் போவதால், பாட்டை முதல் பாதி திருப்பினால் இரண்டு மடங்குதான் ஏறும். பத்தில் ஒன்பது பங்கு திருப்பிய பிறகும் ஏறியிருப்பது பத்து மடங்கு மட்டுமே. மீதி நூறு மடங்கும் கடைசிப் பத்தில் ஒரு பங்கில் நெருக்கியடித்து நிற்கும், விரல் பட்டாலே தாவும். கெப்பாசிட்டரை ரோட்டரி சுவிட்சில் மாற்றி, ஒவ்வொரு ரேஞ்சிலும் பாட்டுக்குப் பத்து மடங்கு வேலை மட்டும் கொடுங்கள்.

ரெசிஸ்டரை 1 கிலோஓம் வரை இறக்குவதும் வேண்டாம். வோல்ட் குறையும்போது கேட்டின் அவுட்புட் ரெசிஸ்டன்ஸ் கூடும், அது உங்கள் ரெசிஸ்டரோடு சேர்ந்துகொள்ளும். 10 கிலோஓமுக்குக் கீழே போகாமல் இருப்பது நல்லது. மேல் ரேஞ்சில் 22 பிகோஃபாரட் போட்டால் அது 22 அல்ல. கேட்டின் இன்புட் மட்டுமே சுமார் 3.5 பிகோஃபாரட், பிரெட்போர்டின் பக்கத்து வரிசைகளுக்கு இடையே இன்னும் சில. ஸ்கோப் புரோபை 1எக்ஸில் (சிக்னலைக் குறைக்காமல் அளக்கும் நிலை) வைத்து அந்தக் கெப்பாசிட்டரைத் தொட்டால் நூறு பிகோஃபாரட் அளவில் கூடிப்போகும், நீங்கள் அளப்பது வேறொரு சர்க்யூட்டை. ஐசியில் மிச்சமிருக்கும் கேட் ஒன்றை பஃபராக (இடையில் நின்று பாரத்தைத் தாங்கும்படி) போட்டு, அதன் அவுட்புட்டில் அளக்கவும். கெப்பாசிட்டரில் சிறிய மதிப்புகளுக்கு நிலையான சி0ஜி செராமிக், பெரியவற்றுக்கு ஃபிலிம். மதிப்பு வெகுவாக அலையும் ஒய்5வி செராமிக் பக்கமே போக வேண்டாம்.

காயிலும் கெப்பாசிட்டரும் சேர்ந்த எல்சி ஆஸிலேட்டருக்குப் போனால் வர்க்கமூலம் குறுக்கே நிற்கும். அதிர்வெண் கெப்பாசிட்டன்ஸின் வர்க்கமூலத்துக்குத் தலைகீழ் விகிதத்தில்தான் போகும். மீடியம் வேவின் 530-லிருந்து 1600 கிலோஹெர்ட்ஸ் வரை போக, அதிர்வெண் மூன்று மடங்கு. கெப்பாசிட்டன்ஸ் ஒன்பது மடங்குக்கு மேல் மாற வேண்டும். இந்த வேலைக்கான பிபி212 போன்ற வேரக்டர் (வோல்டேஜுக்கு ஏற்பக் கெப்பாசிட்டன்ஸ் மாறும் டயோடு) முழு வீச்சையும் காட்ட 8 வோல்ட் கேட்கும். 3 வோல்ட் செல்லிலிருந்து நேராக டியூன் செய்தால் பேண்டின் ஒரு துண்டுதான் கிடைக்கும். டியூனிங்குக்கு மட்டும் வோல்ட்டை உயர்த்தும் ஒரு சிறிய பூஸ்ட் கன்வெர்ட்டர் வைக்கலாம், ஆனால் அதன் ரிப்பிள் (அவுட்புட்டில் மிஞ்சும் சிற்றலை) நேரே அதிர்வெண்ணில் ஏறும் என்பதால் ஃபில்டரில் கஞ்சத்தனம் கூடாது.

ரெசிஸ்டரும் கெப்பாசிட்டரும் அதிர்வெண்ணைத் தீர்மானிக்கும் சைன் அலை ஆஸிலேட்டரான வீன் பிரிட்ஜில் இந்த வர்க்கமூலம் கிடையாது. 1939-இல் ஹியூலெட்-பேக்கார்டின் 200ஏ ஆஸிலேட்டர் ஒரே ரேஞ்சில் பத்து மடங்கு தந்ததற்கு அதுதான் காரணம். ஆனால் அலையின் உயரத்தைக் கட்டுப்படுத்த அதில் இருந்த சிறு பல்பு, 3 வோல்ட்டில் சூடேறப் போதாது. பெருக்கியாக எல்எம்358 ஆப்-ஆம்ப் ஐசியைப் போட்டால் அவுட்புட் சப்ளைக்கு 1.5 வோல்ட் கீழேயே நின்றுவிடும். அதன் ஸ்லூ ரேட் (அவுட்புட் மாறக்கூடிய உச்ச வேகம்) மைக்ரோசெகண்டுக்கு 0.3 வோல்ட் என்று வைத்தால், உச்சம் 0.5 வோல்ட் உள்ள சைன் அலைக்கே 95 கிலோஹெர்ட்ஸில் எல்லை வந்துவிடும். நடைமுறையில் அதற்கு வெகு முன்பே அதிர்வெண் கணக்கிலிருந்து விலகத் தொடங்கும்.

கடைசியாக, தொடங்கும் சோதனை. ஓடிக்கொண்டிருக்கும் ஆஸிலேட்டர், தானாகத் தொடங்க முடியாத இடத்திலும் தாக்குப்பிடிக்கலாம். ஆகவே திருகியை இங்கும் அங்கும் திருப்பிப் பார்த்தால் மட்டும் போதாது. செல் தீரத் தீர அதன் உள் ரெசிஸ்டன்ஸ் ஏறும் என்பதால் சப்ளைக்குத் தொடரில் 10 ஓம் போடுங்கள். ஐசியின் காலருகே 100 நானோஃபாரட் இருக்கட்டும். வோல்ட்டைக் கீழ் எல்லைக்கு இறக்கி, ஒவ்வொரு ரேஞ்சிலும் பாட்டை இரண்டு கோடிகளிலும் வைத்து, ஒவ்வொரு முறையும் சுவிட்சை அணைத்துப் போட்டுப் பாருங்கள். டிரான்சிஸ்டர் சர்க்யூட் என்றால் இதையே ஃப்ரிட்ஜில் வைத்து எடுத்த உடனும் செய்யவும். 25 டிகிரி குளிர்ந்தால் பேஸ்-எமிட்டர் வோல்டேஜ் 50 மில்லிவோல்ட் ஏறும், ஒற்றைச் செல்லில் ஓடும் சர்க்யூட்டைத் தொடங்கவிடாமல் நிறுத்த அதுவே போதும்.