மனநல கவுன்சலிங் போக நினைக்கிறவர்களுக்கு: முதல் சில வாரங்கள் எப்படி இருக்கும்?

தக்கலையில் தையல் கடை வைத்திருக்கிறேன். ரவிக்கைக்கு அளவு கொடுக்க வருகிறவர்களில் சிலர், கடையில் வேறு ஆள் இல்லாத நேரமாகப் பார்த்து, "அக்கா, நீங்க நாகர்கோவிலுக்கு கவுன்சலிங் போனீங்களாமே, அங்க என்ன செய்வாங்க?" என்று கேட்கிறார்கள். அவர்களிடம் சொல்வதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் உடம்பைப் பரிசோதித்துவிடுங்கள். எனக்கு எல்லாம் நெஞ்சில்தான் தொடங்கியது. ராத்திரி திடீரென்று படபடப்பு வரும், கைவிரல் மரத்துப்போகும், இப்போதே செத்துவிடுவேன் என்று பயம் வரும். இ.சி.ஜி., எக்கோ எல்லாம் எடுத்துப் பார்த்த பிறகு, "இதயம் நல்லா இருக்கு, மனநல மருத்துவரைப் பாருங்க" என்றார் டாக்டர். தைராய்டு அதிகமாகச் சுரந்தாலும், ரத்தசோகை இருந்தாலும் இதே படபடப்பு வரும். அதனால் பரிசோதனைகளுக்குச் செலவழிக்கும் காசு வீண் இல்லை.

அடுத்தது, யாரிடம் போவது. சைக்கியாட்ரிஸ்ட் என்பவர் எம்.பி.பி.எஸ். முடித்து மனநலத்தில் மேற்படிப்பு படித்த மருத்துவர். மருந்து எழுதுவார். கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் மருந்து தரமாட்டார். பேச்சு வழியாகவும் பயிற்சி வழியாகவும் சிகிச்சை தருவார். இவர்கள் இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு செய்திருக்க வேண்டும். பதிவு எண்ணைத் தாராளமாகக் கேட்கலாம், நல்லவர்கள் கோபப்படமாட்டார்கள். கவுன்சலர் என்று போர்டு வைத்திருப்பவர்களின் படிப்பு ஆளுக்கு ஆள் மாறும். என்ன படித்தார், எங்கே பயிற்சி எடுத்தார் என்று கேளுங்கள். கோச் என்பவருக்கு நம் நாட்டில் உரிமம் எதுவும் தேவையில்லை. வேலை மாறவோ, தொழிலை வளர்க்கவோ, மேடையில் பேசவோ உதவி வேண்டுமென்றால் கோச்சிடம் போகலாம். தூக்கமும் சாப்பாடும் போய்விட்டது, வாழ்வதே பிடிக்கவில்லை என்ற நிலையில் அவரிடம் போகாதீர்கள். நல்ல கோச் தானே உங்களை மருத்துவரிடம் அனுப்பிவிடுவார்.

காசு பற்றித் தயங்குகிறவர்களுக்கு நாகர்கோவில் பக்கம் ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி இருக்கிறது. மாவட்ட மனநலத் திட்டத்தின் மருத்துவர்கள் மற்ற அரசு ஆஸ்பத்திரிகளுக்கும் வருகிறார்கள். எந்தக் கிழமை என்று கேட்டுவிட்டுப் போங்கள். வெளியே போகவே முடியாதவர்கள் 14416 என்ற எண்ணுக்கு அடிக்கலாம். 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் என்ற அரசின் தொலைபேசி மனநல சேவை அது. இலவசம், 24 மணி நேரமும் உண்டு, தமிழிலேயே பேசலாம். இன்றைக்கே ஏதாவது செய்துகொள்வோமோ என்று தோன்றினால் அப்பாயின்ட்மென்ட் வரை காத்திருக்கக் கூடாது. வீட்டில் ஒருவரிடம் உடனே சொல்லிவிட்டு, அந்த எண்ணுக்குப் பேசுங்கள், அல்லது பக்கத்து ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

சரி, முதல் நாள். பெரும்பாலும் கேள்விகள்தான். தூக்கம், பசி, படிப்பு, கல்யாணம், வீட்டில் யாருக்காவது இப்படி இருந்ததா, குடிப்பழக்கம் உண்டா என்று வரிசையாகக் கேட்பார்கள். "சாக வேண்டும் என்று தோன்றியதுண்டா?" என்றும் கேட்பார்கள். இந்தக் கேள்வியில் பலர் திடுக்கிடுகிறார்கள். வருகிற எல்லாரிடமும் கேட்பதுதான் இது. கேட்பதால் அந்த எண்ணம் யாருக்கும் வந்துவிடாது. ஒரு தாளையும் நீட்டலாம். கடந்த இரண்டு வாரத்தில் மனம் எப்படி இருந்தது என்று 9 கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண். சில வாரம் கழித்து அதே தாளை மறுபடி தருவார்கள், முன்னேற்றம் தெரிவதற்காக. முதல் நாள் அளவெடுக்கும் நாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அளவு எடுக்காமல் நான் கத்தரியைத் தொடமாட்டேன்.

நம் ஊரில் எல்லாருக்கும் உள்ள பயம், விஷயம் வெளியே போய்விடுமோ என்பதுதான். 2017 மனநலப் பாதுகாப்புச் சட்டத்தின்படி உங்கள் சிகிச்சை விவரம் ரகசியம். உங்கள் உயிருக்கோ இன்னொருவர் உயிருக்கோ ஆபத்து என்பது போன்ற சில நிலைகளில் மட்டும் தேவையானவர்களிடம் சொல்லலாம். குழந்தை மீதான பாலியல் கொடுமை தெரியவந்தால் போக்சோ சட்டப்படி புகார் கொடுத்தே ஆகவேண்டும். எதெல்லாம் இந்த அறைக்குள் இருக்கும், எது வெளியே போகும் என்று முதல் நாளே கேட்டுவிடுங்கள்.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். தீர்ப்பு எதிர்பார்த்துப் போகாதீர்கள். நாம் வளர்ந்த விதம் அப்படி: பிரச்சினை என்றால் பெரியவர்களிடமோ பங்குச் சாமியாரிடமோ போவோம், அவர்கள் ஒரு முடிவு சொல்வார்கள். கவுன்சலிங் அறையில் "மாமியார் செய்தது தப்பா, நான் செய்தது தப்பா?" என்று கேட்டால் பதில் கிடைக்காது. "அந்த நேரத்தில் உங்கள் மனசில் என்ன ஓடியது?" என்ற கேள்விதான் திரும்பி வரும். முதல் இரண்டு மூன்று தடவை இது எரிச்சலாகத்தான் இருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் கவுன்சலர் என்னை ஒரு நோட்டில் கோடு போட்டு மூன்று பத்தியாகப் பிரித்து எழுதச் சொன்னார்: படபடப்பு வந்த நேரம், அதற்கு முன்பு நடந்தது, மனசில் ஓடியது. என் வீட்டுக்காரர் குவைத்தில் இருக்கிறார். எழுத எழுத ஒன்று தெரிந்தது. லீவு இந்த வருஷமும் கிடைக்காது என்ற பேச்சு வீடியோ காலில் வந்த ராத்திரிகளில்தான் நெஞ்சு அடித்துக்கொண்டது. இதை யாராவது முதல் நாளே எனக்குச் சொல்லியிருந்தால், "அதெல்லாம் ஒண்ணும் இல்லை" என்று எழுந்து வந்திருப்பேன். என் கையெழுத்திலேயே பார்த்த பிறகு மறுக்க முடியவில்லை. அப்புறம்தான் வீட்டுக்காரரிடம் அதைப் பற்றி வாய்விட்டுப் பேசினேன்.

வீட்டுப் பாடம் பெரும்பாலும் இருக்கும். மூச்சை இழுப்பதைவிட விடுவதை நிதானமாக, நீளமாகச் செய்யும் பயிற்சி எனக்கு நன்றாகக் கைகொடுத்தது. வழியில் ஏதாவது ஆகிவிடும் என்று பஸ் ஏறுவதையே விட்டிருந்தேன். அழகியமண்டபம் வரை மட்டும் பஸ்ஸில் போய் இறங்கு என்றார்கள். அது பழகியதும் மார்த்தாண்டம் வரை. பயம் ஏறி, உச்சிக்குப் போய், தானாகவே இறங்கும். அதுவரை இறங்கி ஓடாமல் உட்கார்ந்திருப்பதுதான் பயிற்சி. வாரத்துக்கு ஒரு மணி நேரப் பேச்சைவிட, மீதி நாட்களில் இப்படிச் செய்வதுதான் அதிகம் மாற்றுகிறது என்பேன்.

சில செஷன் முடிந்து வரும்போது அழுகையும் அசதியுமாக இருக்கும். அன்று சாயங்காலம் பெரிய வேலை எதுவும் வைத்துக்கொள்ளாதீர்கள். நான் அந்தக் கிழமையில் கல்யாண ஆர்டர் டெலிவரி கொடுப்பதில்லை.

மருந்து எழுதித் தந்தால் பயப்பட வேண்டாம். மனச்சோர்வுக்கும் பதற்றத்துக்கும் தருகிற மாத்திரைகள் பலவும் வேலை செய்யச் சில வாரங்கள் எடுக்கும். ஆரம்பத்தில் வயிற்றைப் பிரட்டலாம். குணமாகிவிட்டது என்று நீங்களாக நிறுத்தாதீர்கள். சாப்பிடுகிற நாட்டு மருந்தையும் டாக்டரிடம் சொல்லுங்கள்.

ஆள் சரியில்லை என்றால் மாற்றலாம். நான் முதலில் பார்த்தவர் பத்து நிமிஷத்தில் "வீட்டுக்காரரை ஊருக்கு வரச் சொல்லுங்க, எல்லாம் சரியாயிரும்" என்று சொல்லி ஃபீஸ் வாங்கிக்கொண்டார். மறுபடி அங்கே போகவில்லை. மற்றவர்களின் கதையை உங்களிடம் சொல்கிறவரிடமும் போகாதீர்கள், நாளை உங்கள் கதையும் போகும். ஜெபத்தையோ மண்டைக்காட்டு அம்மன் கோயில் நேர்ச்சையையோ நல்ல கவுன்சலர் யாரும் நிறுத்தச் சொல்லமாட்டார்.

"எங்க போறிய?" என்று பஸ் ஸ்டாப்பில் கேட்பார்கள். "தூக்கம் வரல்ல, டாக்டரைப் பார்க்கப் போறேன்" என்றால் போதும். ஊளம்பாறை (திருவனந்தபுரத்து மனநல ஆஸ்பத்திரி) பேச்சை எடுக்கிற சொந்தக்காரர்களுக்கு அதற்கு மேல் விளக்கம் தர வேண்டியதில்லை.

எத்தனை தடவை போக வேண்டியிருக்கும் என்பது ஆளைப் பொறுத்தது. பதற்றத்துக்கு வாரம் ஒன்றாக 8 முதல் 20 செஷன் வரை ஆகலாம். அப்புறம் இரண்டு வாரத்துக்கு ஒன்று, மாதத்துக்கு ஒன்று என்று இடைவெளி விடுவார்கள். போன் செய்யும்போதே ஃபீஸ் எவ்வளவு, எத்தனை நிமிஷம், வர முடியாவிட்டால் எப்போது சொல்ல வேண்டும் என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஆசாரிப்பள்ளம் என்றால் காலையிலேயே போய் ஓ.பி. சீட்டு எடுங்கள். பழைய ரிப்போர்ட்டுகளையும், சாப்பிடும் மாத்திரைகளின் அட்டையையும் பையில் மறக்காமல் வைத்துக்கொள்ளுங்கள்.