முற்றிப்போன வெண்டைக்காயில் அச்சுப் படம் போடுவது எப்படி?

ஆடியில் விதைத்த வெண்டை காய்க்கத் தொடங்கிவிட்டால் தினமும் பறிக்க வேண்டும். இரண்டு மூன்று நாள் ஏற்காடு பக்கம் போய்விட்டு வந்தால் போதும், பாதிக் காய் முற்றி நார் ஏறி நிற்கும். அதை உரக்குழியில் போடாதீர்கள். உழவர் சந்தையில் பிஞ்சாகப் பார்த்துத்தான் வாங்க முடியும், முற்றிய காய் தோட்டம் வைத்தவர்களுக்கே கிடைக்கும், படம் போட அதுதான் வேண்டும்.

நுனியை அழுத்தினால் ஒடியாத, அதே சமயம் காய்ந்து வெடிக்காத காயாக எடுங்கள். கூரான கத்தியால் குறுக்கே ஒரே வெட்டு. ராவி ராவி அறுத்தால் முகம் மேடுபள்ளமாகி அரைகுறையாகத்தான் பதியும். காம்புப் பக்கம் வெட்டினால் பெரிய பூ, நுனிப் பக்கம் சின்னப் பூ, ஆக ஒரே காயில் இரண்டு மூன்று அளவு கிடைத்துவிடும். வெட்டிய முகத்தைப் பழைய வேட்டித் துணியில் கவிழ்த்து அரை மணி நேரம் விடுங்கள். அவசரப்படவே கூடாத இடம் இது, ஏனென்றால் கொழகொழப்பு இருக்கும்வரை சாயம் ஒட்டாமல் வழுக்கும். அது வற்றியதும் திருப்பிப் பாருங்கள்: பெரும்பாலும் ஐந்து அறை, உள்ளே வெள்ளை விதை. சில ரகங்களில் ஏழு, எட்டு அறைகூட இருக்கும்.

சரி, சாயம். மஞ்சள்தூள் தண்ணீரில் கரையாது, அடியில் தங்கிவிடும், அதனால் அதைத் தாங்கிப் பிடிக்கக் கஞ்சி வேண்டும். நம்ம ஊரில் ஜவ்வரிசிக்கா பஞ்சம்? ஒரு டம்ளர் தண்ணீரில் இரண்டு ஸ்பூன் ஜவ்வரிசியைக் கண்ணாடிபோல் ஆகும்வரை வேகவைத்து வடிகட்டி, ஆறியதும் மஞ்சள்தூளைக் குழையுங்கள். இட்லி மாவைவிடக் கொஞ்சம் கெட்டியாக இருக்கட்டும். அதில் பாதியைத் தனியே எடுத்து, வெற்றிலைக்குத் தடவும் சுண்ணாம்பு மிளகளவு சேர்த்தால் சிவந்துவிடும், ஆரத்தி கரைக்கிற அதே வேலைதான். குழந்தைகள் கூட இருந்தால் சுண்ணாம்பை மட்டும் பெரியவர்கள் கலக்குங்கள், கண்ணில் பட்டால் ஆபத்து.

பழைய செய்தித்தாளை நான்காக மடித்து, அதன்மேல் கெட்டியான சார்ட் தாளை வையுங்கள். சாயத்தை ஸ்பான்ஞ்சில் ஊற்றி, காயை அதில் ஒற்றி, தாளில் நேராக அழுத்தி நேராகவே தூக்குங்கள். திருகினால் விதைக் கோடெல்லாம் கலங்கிவிடும். கொடியும் இலையும் வேண்டுமென்றால் அவரை இலையின் அடிப்பக்கம், நரம்பு புடைத்திருக்கும் பக்கத்தில், சாயம் தடவிப் பதியுங்கள். ஏற்காட்டுக் காபி இலை கிடைத்தால் விடவே விடாதீர்கள், அதன் அலை அலையான ஓரம் அப்படியே தாளில் இறங்கும். காம்புக் கோடு இழுக்கக் கெட்டி டிக்காஷனே போதும்.

எனக்கு ரொம்பப் பிடித்தது கடைசி வேலை. சிவப்பு அச்சு நன்றாகக் காய்ந்த பிறகு, தீக்குச்சி முனையில் எலுமிச்சைச் சாறு தொட்டு ஒவ்வொரு அறையிலும் ஒரு புள்ளி வையுங்கள். புளிப்பு பட்ட இடம் மட்டும் மறுபடி மஞ்சளாகி, சிவப்புப் பூவுக்குள் மஞ்சள் விதை வந்துவிடும்.

படத்தை வெயில் விழும் சுவரில் மாட்டாதீர்கள், மஞ்சள் வெளுத்துவிடும்.