ஆப்பிரிக்க கிராமத்துக்கு உதவணுமா, மொதல்ல அந்த ஊர்க்காரங்கள புடிங்க

உச்சிப்புளி பசங்க நாலஞ்சு பேரு "அண்ணே கென்யாவுல தண்ணிக்கு ஏதோ உதவுறீங்களாமே, எப்புடிண்ணே பண்றது"ன்னு கேட்டுக்கிட்டே இருக்கானுங்க, ஒவ்வொருத்தனுக்கா போன்ல சொல்லி வாய் வலிக்குது, அதான் எழுதிப்புட்டேன்.

பழைய துணிய மூட்ட கட்டுற வேலைய மொதல்ல விடுங்க. 2004 சுனாமியப்ப நாகப்பட்டினம் பக்கம் வந்து எறங்குன பழைய துணி ரோட்டோரமா குவிஞ்சு கெடந்துச்சே, மறந்துருச்சா? கென்யாவுல பழைய துணிக்கு மிட்டும்பான்னு பேரு வச்சு தனி சந்தையே நடக்குது, நம்ம சட்டைக்காக யாரும் அங்க காத்துக்கிட்டு இல்ல.

காசுதான் அனுப்பணும். ஆனா எதுக்குன்னு முடிவு பண்ண வேண்டியது நாம இல்ல. நம்ம சாயல்குடி பக்கம் ஊத்து தோண்டி செரட்டையால மொண்டு கொடம் நெறப்புறாங்கள்ல, கென்யாவுல மச்சாகோஸ், கிட்டுயிங்கிற மாவட்டங்க பக்கமும் அதே கததான், மழைக்கு மட்டும் ஆறு ஓடும் மத்த நாளு வெறும் மணலு. அங்க ஆத்துக்கு குறுக்க கல்லு சிமிண்டுல ஒரு செவரு கட்டுறாங்க, வெள்ளத்துல வர்ற மணலு அதுக்குப் பின்னாடி சேந்துரும், அந்த மணல்ல கால்வாசியிலேருந்து 40 சதவீதம் வரைக்கும் தண்ணி நிக்கும், வெயிலு அவ்ளோ லேசுல குடிச்சிறாது. இத நாம போயி சொல்லிக் குடுக்கல. 1978ல ஜோசுவா முக்குசியான்னு ஒருத்தரு மச்சாகோஸ்ல ஊர்க்காரங்கள சேத்து உட்டூனின்னு குழு ஆரம்பிச்சாரு, இங்கிலாந்துல எக்ஸலண்ட் டெவலப்மெண்ட்னு ஒரு சின்ன அமைப்பு பின்னாடி வந்து காசு தெரட்டிக் குடுத்துச்சு, கல்லு சொமந்தது ஊர் சனம்தான். நாம பாக்க வேண்டிய மாதிரி இது.

அப்ப குழுவ எப்புடி தேர்றது? அரசாங்கத்துல பதிஞ்ச சான்றிதழ், குழு பேர்ல பேங்க் கணக்கு, ரெண்டு மூணு பேரு கையெழுத்து போட்டாத்தான் காசு எடுக்க முடியும்ங்கிற ஏற்பாடு, இது மூணும் இருக்கான்னு கேளுங்க. அதவிட முக்கியம், ஒங்க பங்குக்கு நீங்க என்ன போடுறீங்கன்னு அவங்கள கேளுங்க. அந்தப் பக்கத்து காம்பா இன சனங்க ஊரு கூடி வேல செய்றத ம்வேத்யாம்பாங்க, நாம ஊருணி தூரு வார்ற மாதிரி. கல்லும் மணலும் ஆளும் எங்களோடது, சிமிண்டுக்கும் கொத்தனாருக்கும்தான் காசுன்னு சொன்னா நல்ல குழு. ஆனா பைக் பெட்ரோலு, கணக்கெழுதுறவரு சம்பளம் குடுக்க மாட்டோம்னு அடம் புடிக்காதீங்க, நம்மூரு மகளிர் குழுவுலயே நோட்டெழுதுறவங்க சும்மாவா எழுதுறாங்க?

பேங்க் வெவகாரம். ஒருத்தரு வருசத்துக்கு இரண்டரை லட்சம் டாலர் வரைக்கும் எல்ஆர்எஸ்ல, அதாவது தனி ஆளு வெளிநாட்டுக்கு காசு அனுப்ப ரிசர்வ் பேங்க் வச்சிருக்குற திட்டத்துல அனுப்பலாம், நன்கொடையும் அதுல அடங்கும், பான் கார்டும், எதுக்கு அனுப்புறோம்னு எழுதிக் குடுக்குற ஏ2 பாரமும் வேணும். வருசத்துல மொத்தம் 10 லட்சம் ரூபாய்க்குள்ளன்னா டிசிஎஸ்னு அனுப்புறப்பவே பேங்க் புடிக்கிற வரிய புடிக்க மாட்டாங்க, நம்ம காசு அதுல காவாசி கூட வராது. எனக்கு கவுண்டர்ல இருந்தவரு "ஆப்பிரிக்காவுக்கா, எதுக்கு?"ன்னு ரெண்டு நாளு அலைய விட்டாரு, அதனால அந்தக் குழுவோட லெட்டர கையோட கொண்டு போங்க. நம்மூரு நன்கொடைக்கு கெடைக்குற வரிச்சலுகைய இதுக்கு எதிர்பாக்காதீங்க. ஊரு டிரஸ்ட் பேர்ல அனுப்பலாம்னு நெனச்சா ஆடிட்டர கேக்காம கைய வைக்காதீங்க, வெளிநாட்டுல செலவு பண்ணா வரிவிலக்குல சிக்கலாயிரும்.

காலம் ரொம்ப முக்கியம். அவங்களுக்கும் நம்மள மாதிரியே அக்டோபர்லேருந்து டிசம்பர் வரைக்கும் ஒரு மழ இருக்கு, செவரு அதுக்கு முன்னாடி எந்திரிச்சுறணும், காசு ஆனி ஆடிக்குள்ள போயிறணும். போன் பேசுறதுன்னா அவங்க நமக்கு ரெண்டரை மணி நேரம் பின்னாடி, விடியக்காலைல கடலுக்குப் போற நேரத்துல அடிச்சு எழுப்பி விட்டுறாதீங்க. செலவு கணக்குக்கு பில்லு போட்டோ போதும், கூலிய எம்பெசால, அதான் அவங்க போன்லயே காசு அனுப்புற ஏற்பாடு, அதுல குடுத்தா மெசேஜே சாட்சி.

மொத வருசமே தண்ணி நிக்கிற போட்டோ வேணும்னு கேக்காதீங்க. மணலு சேர ஒண்ணுலேருந்து மூணு மழக்காலம் வரைக்கும் ஆவும். எங்களுக்கு வந்த மொத போட்டோவ பாத்துட்டு "என்னண்ணே வெறும் மணலா கெடக்கு"ன்னு ஒருத்தன் கேட்டான். அதுதான்டா வேணும்னேன்.