வீட்டிலேயே காருக்கு பாலிஷ் போடுவது எப்படி?

அடர் நிறக் கார் ஒன்றை வெயிலில் நிறுத்திவிட்டு, பானட்டைக் கொஞ்சம் சாய்வாகப் பாருங்கள். சூரியன் பிரதிபலிக்கும் இடத்தைச் சுற்றி சிலந்தி வலை போல வட்ட வட்டமாக நுண்கீறல்கள் தெரியும். உண்மையில் அவை வட்டமாக இல்லை. எல்லாத் திசையிலும் தாறுமாறாக ஓடும் கீறல்களில், வெளிச்சத்துக்குக் குறுக்கே இருப்பவை மட்டும் மின்னுவதால் அப்படித் தோன்றுகிறது. வெள்ளைக் காரிலும் சில்வர் காரிலும் இவை இருக்கத்தான் செய்யும், கண்ணில்தான் அவ்வளவாகப் படாது.

இந்தக் கீறல்களில் பெரும்பாலானவற்றைப் போட்டது நாமேதான். காய்ந்த தூசியை வெறும் துணியால் துடைப்பது, சக்கரம் தேய்த்த துணியாலேயே கதவையும் தேய்ப்பது, இப்படி. கழுவும் முறையை மாற்றாமல் பாலிஷ் மட்டும் போட்டால் சில மாதங்களில் பழையபடி ஆகிவிடும். அதனால் மெஷினைக் கையில் எடுப்பதற்கு முன்னால் செய்ய வேண்டிய வேலைதான் இங்கே அதிகம்.

முதலில் பெயிண்டைப் புரிந்துகொள்ளுங்கள்

தகட்டின் மேல் துருவைத் தடுக்கும் பூச்சு, அதன்மேல் பிரைமர், அப்புறம் நிறம், எல்லாவற்றுக்கும் மேலே நிறமில்லாத கிளியர் கோட். இவ்வளவும் சேர்ந்தே பெரும்பாலான கார்களில் 100 முதல் 150 மைக்ரான் வரைதான் இருக்கும். கிளியர் கோட் மட்டும் ஏறத்தாழ 35 முதல் 50 மைக்ரான். ஒரு மில்லிமீட்டர் என்பது 1000 மைக்ரான்.

பாலிஷ் போடும்போது கீறல் நிரம்புவதில்லை. கீறலைச் சுற்றியுள்ள கிளியர் கோட்டை, கீறலின் அடிமட்டம் வரை மெதுவாக இழைத்துச் சமப்படுத்துகிறோம். இழைத்தது திரும்ப வராது. புற ஊதாக் கதிர்களிலிருந்து நிறத்தைக் காப்பதும் இந்த அடுக்குதான் என்பதால், அளவுக்கு மீறித் தேய்த்துவிட்டால் சில வருடங்களில் அந்த இடம் வெளுத்து, செதில் செதிலாக உரிய ஆரம்பிக்கும். அதற்குப் பிறகு மறுபடி பெயிண்ட் அடிப்பதைத் தவிர வழியில்லை.

எனவே ஒரு கீறலைப் பார்த்ததும் விரல் நகத்தை அதன் குறுக்கே மெல்ல ஓட்டிப் பாருங்கள். நகம் சிக்கினால் அதை விட்டுவிடுங்கள். அதை முழுதாக எடுக்க முயல்வது ஆபத்து. ஓரங்களை மழுக்கி, கண்ணில் படுவதைக் குறைத்தாலே போதும்.

மேட் ஃபினிஷ் பெயிண்ட் என்றால் பாலிஷே கூடாது, அங்கங்கே பளபளப்புத் திட்டுகள் வந்துவிடும். ஸ்டிக்கர் ராப் ஒட்டிய கார்களுக்கும் இந்த முறை பொருந்தாது. புதிதாக பெயிண்ட் அடித்த பகுதியை, பெயிண்ட் அடித்தவர் சொல்லும் காலம்வரை தொட வேண்டாம். கிளியர் கோட் ஏற்கெனவே உரிய ஆரம்பித்திருந்தால் பாலிஷ் அதைச் சரிசெய்யாது.

என்னென்ன வேண்டும்

இரண்டு வாளி, கார் ஷாம்பூ, மைக்ரோஃபைபர் கையுறை ஒன்று, தண்ணீரை உறிஞ்சும் பெரிய மைக்ரோஃபைபர் டவல் ஒன்று, துடைப்பதற்குச் சிறிய மைக்ரோஃபைபர் துணிகள் ஒரு டஜனாவது. அப்புறம் இரும்புத்துகள் நீக்கி, தார் நீக்கி, கிளே பார் (பெயிண்டில் ஒட்டிய அழுக்கை உருவி எடுக்கும் களிமண் போன்ற கட்டி), மாஸ்கிங் டேப், பாலிஷ், ஃபோம் பேடுகள் (மெஷினில் மாட்டும் பஞ்சு வட்டுகள்), கடைசியில் பூசுவதற்கு வாக்ஸ் அல்லது சீலன்ட் (செயற்கைப் பாதுகாப்புப் பூச்சு).

மெஷின் விஷயத்தில் எனக்கு இரண்டாவது கருத்தே இல்லை. புதியவர்கள் டிஏ (டூயல் ஆக்‌ஷன்) பாலிஷர் வாங்குங்கள், ரோட்டரி வேண்டாம். ரோட்டரியில் பேட் ஒரே அச்சில் சுற்றும். ஒரே இடத்தில் சூடு ஏறி, அசந்த நேரத்தில் ஓரத்துப் பெயிண்டைத் தின்றுவிடும். டிஏ பாலிஷரில் பேட் சுற்றிக்கொண்டே அலையவும் செய்யும். அழுத்தினால் சுற்றுவது நின்றுபோகும். வேலை கொஞ்சம் மெதுவாகத்தான் நடக்கும், ஆனால் தவறு செய்வதும் அதேபோல் கடினம். டிரில் மெஷினில் பேட் மாட்டும் யோசனை இருந்தால், அதை இங்கேயே மறந்துவிடுங்கள்.

படி 1: கழுவுதல்

நிழலில் நிறுத்துங்கள். பானட்டைத் தொட்டுப் பாருங்கள், சூடாக இருந்தால் ஆறட்டும். சூடான தகட்டில் ஷாம்பூ உடனே காய்ந்து கறையாகிவிடும்.

சக்கரங்களை முதலில், தனித் துணியும் தனித் தண்ணீரும் வைத்து முடித்துவிடுங்கள். பிரேக் தூசி படிந்த துணி பெயிண்ட் பக்கமே வரக்கூடாது. பிறகு கார் முழுவதும் தண்ணீரைப் பீய்ச்சி, தளர்ந்த மண்ணையெல்லாம் இறக்குங்கள். இதில் அவசரம் காட்டாதீர்கள். தண்ணீரோடு போகும் ஒவ்வொரு மணல் துகளும் துணியில் சிக்காமல் போகிற துகள்.

இப்போது இரண்டு வாளி. ஒன்றில் ஷாம்பூத் தண்ணீர், இன்னொன்றில் வெறும் தண்ணீர். கையுறையை ஷாம்பூவில் நனைத்து ஒரு பகுதியைக் கழுவுங்கள், வெறும் தண்ணீரில் அலசிப் பிழியுங்கள், மறுபடி ஷாம்பூவில் நனையுங்கள். சிறிது நேரத்தில் வெறும் தண்ணீர் வாளியின் அடியில் எவ்வளவு மண் சேர்ந்திருக்கிறது என்று பாருங்கள். ஒரே வாளி வைத்திருந்தால் அத்தனையும் திரும்பக் கார் மேல் போயிருக்கும்.

மேலிருந்து கீழே: ரூஃப், கண்ணாடி, பானட், கதவுகளின் மேல்பாதி, கடைசியில் கீழ்ப்பாதியும் பம்பரும். நேர்க்கோட்டில் தேய்க்கவும், அழுத்த வேண்டாம். பெரிய டவலை விரித்து மெல்ல இழுத்தால் தண்ணீர் தானே ஏறிக்கொள்ளும்.

படி 2: ஒட்டியிருப்பதை எடுத்தல்

கழுவி முடித்த காரும் சுத்தமாகிவிடவில்லை. மெல்லிய பிளாஸ்டிக் பை ஒன்றைக் கையில் மாட்டிக்கொண்டு பானட்டைத் தடவுங்கள். வெறும் விரலுக்குத் தெரியாத சொரசொரப்பு பைக்குள் இருக்கும் விரலுக்கு நன்றாகத் தெரியும். பிரேக்கிலிருந்து பறந்து ஒட்டிய இரும்புத்துகள், தார்ப் புள்ளிகள், மரப்பிசின் எல்லாம் அதில் அடக்கம். இவற்றின்மேல் பாலிஷ் மெஷினை ஓட்டினால் அவை பேடில் சிக்கி, புதுக் கீறல்களை நீங்களே போடுவீர்கள்.

இரும்புத்துகள் நீக்கியைத் தெளித்துச் சில நிமிடம் விடுங்கள். இரும்பு இருக்கும் இடமெல்லாம் ஊதா நிறத்தில் வழியும். முதல்முறை பார்ப்பவர்களுக்கு இது வேடிக்கையாக இருக்கும், நாற்றம்தான் சகிக்காது. ரப்பர் கையுறை போடுங்கள், காற்றோட்டம் இருக்கட்டும். காய விடாமல் நன்றாக அலசிவிடுங்கள். தார்ப் புள்ளிகளுக்குத் தார் நீக்கியைத் துணியில் நனைத்து ஒற்றி எடுக்க வேண்டும்.

அதற்குப் பிறகும் சொரசொரப்பு மிச்சமிருந்தால் கிளே பார். ஒரு துண்டு எடுத்துக் கையில் பிசைந்து தட்டையாக்கி, பெயிண்ட் மேல் ஷாம்பூத் தண்ணீரோ கிளே லூப்ரிகன்ட்டோ தாராளமாகத் தெளித்து, அழுத்தாமல் நேர்க்கோட்டில் நகர்த்துங்கள். ஆரம்பத்தில் சரசரவென்று சத்தம் வரும். சத்தம் அடங்கி வழுக்க ஆரம்பித்தால் அந்த இடம் முடிந்தது. கிளேயை அடிக்கடி மடித்துப் புது முகம் எடுங்கள். தரையில் விழுந்துவிட்டால் எவ்வளவு புதியதானாலும் தூக்கிப் போட்டுவிடுங்கள், மண் புகுந்த கிளே உப்புத்தாளுக்குச் சமம்.

கிளே லேசான கீறல் போடத்தான் செய்யும். அதனால்தான் பாலிஷுக்கு முன்னால் செய்கிறோம், மாதாமாதம் செய்வதில்லை.

படி 3: டேப் ஒட்டுதல்

கறுப்புப் பிளாஸ்டிக், ரப்பர் பீடிங், லோகோ, கதவு ஓரம், பானட்டில் மடிப்பாக எழும்பும் கோடுகள் எல்லாவற்றிலும் மாஸ்கிங் டேப் ஒட்டுங்கள். பிளாஸ்டிக்கில் பாலிஷ் பட்டுக் காய்ந்தால் வெள்ளையாக அப்பிக்கொள்ளும், எடுப்பது பெரும்பாடு. கூர்மையான ஓரங்களில் பெயிண்ட் எப்போதும் மெலிதாகத்தான் நிற்கும், பேடின் அழுத்தமும் அங்கேதான் குவியும். அந்த இடங்களை மெஷினில் தொடவே வேண்டாம், தேவையானால் கையால் லேசாகத் தேய்த்துக்கொள்ளலாம்.

படி 4: சோதனைச் சதுரம்

இதைப் பலர் தவிர்த்துவிடுகிறார்கள். ஒவ்வொரு காரின் கிளியர் கோட்டும் ஒவ்வொரு கடினத்தில் இருக்கும். நண்பர் காருக்குச் சரிப்பட்ட பாலிஷும் பேடும் உங்கள் காருக்குச் சரிப்படாமல் போகலாம்.

பானட்டில் இரண்டடிக்கு இரண்டடி சதுரம் ஒன்றை டேப்பால் பிரித்துக்கொள்ளுங்கள். கையில் இருப்பதிலேயே மென்மையான சேர்க்கையில் தொடங்குங்கள்: மென்மையான ஃபோம் பேட், ஃபினிஷிங் பாலிஷ் (மிகக் குறைவாக இழைக்கும் பாலிஷ்). போட்டு, துடைத்து, டார்ச் அடித்துப் பாருங்கள். போதவில்லையா, அதே பாலிஷோடு கொஞ்சம் கடினமான பேடுக்கு மாறுங்கள். அதுவும் போதவில்லை என்றால்தான் காம்பவுண்ட், அதாவது அதிகமாக இழைக்கும் பாலிஷ். முக்கால்வாசிக் கீறல் போய், நிறம் ஆழமாகத் தெரிந்தால் அங்கேயே நிறுத்துங்கள். தினமும் ஓட்டும் காருக்கு நூற்றுக்கு நூறு தேடுவது கிளியர் கோட்டை வீணாக்கும் வேலை என்பது என் கருத்து.

படி 5: மெஷின் பாலிஷ்

பேடை பேக்கிங் பிளேட்டில் (மெஷினில் பேடைத் தாங்கும் வட்டத் தட்டு) சரியாக நடுவில் ஒட்டுங்கள். பிளேட்டின் ஓரத்தில் மார்க்கரால் ஒரு கோடு போட்டு வைத்தால், பேட் சுற்றுகிறதா, வெறுமனே அதிர்கிறதா என்று ஓடும்போதே தெரியும். ஒயரைத் தோளுக்குப் பின்னால் போட்டுக்கொள்ளுங்கள், பெயிண்டில் உரசாது. கழுத்துச் சங்கிலி, மோதிரம், பெல்ட் பக்கிள் எல்லாம் கழற்றி வையுங்கள்.

பேடில் பட்டாணி அளவில் நான்கைந்து சொட்டு. முதல் பேட் என்றால் ஓரிரு சொட்டு கூடுதலாக விட்டுப் பரப்பிக்கொள்ளலாம். ஏறத்தாழ ஒன்றரை அடிச் சதுரத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். மெஷினை ஓட விடுவதற்கு முன் பேடைப் பெயிண்டில் வையுங்கள், நிறுத்திய பிறகே தூக்குங்கள். இல்லையென்றால் பாலிஷ் உங்கள் முகத்திலும் பக்கத்துச் சுவரிலும் இருக்கும்.

குறைந்த வேகத்தில் ஒருமுறை பரப்பிவிட்டு, மெஷினின் வேக டயலை 4 அல்லது 5-க்கு ஏற்றுங்கள். இடமிருந்து வலமாக ஓட்டி, ஒவ்வொரு வரிசையும் முந்தைய வரிசையைப் பாதி மறைக்கும்படி நகருங்கள். அப்புறம் அதே சதுரத்தை மேலிருந்து கீழாக. இப்படிக் குறுக்கும் நெடுக்குமாக மொத்தம் நான்கு முதல் ஆறு முறை. கை நகரும் வேகம் வினாடிக்கு இரண்டு மூன்று சென்டிமீட்டர்தான். புதியவர்கள் எல்லோரும் இங்கேதான் அவசரப்படுகிறார்கள், வேகமாக ஓட்டினால் பாலிஷ் வெறுமனே பரவும், வெட்டாது. அழுத்தம் மெஷினின் எடையோடு கையின் எடை, அவ்வளவு போதும். பேட் தட்டையாக இருக்கட்டும், சாய்த்தால் சுற்றுவது நின்றுவிடும்.

ஒரு சதுரம் முடிந்ததும் புறங்கையால் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பு சரி. கை வைக்க முடியாத சூடு என்றால் நிறுத்தி ஆற விடுங்கள். பம்பர் பிளாஸ்டிக், தகடு மாதிரிச் சூட்டைக் கடத்தாது, அங்கே சூடு சட்டென்று ஏறும். வேகத்தைக் குறைத்து, எத்தனை முறை ஓட்டுகிறீர்கள் என்பதையும் குறைத்துக்கொள்ளுங்கள்.

ஒவ்வொரு சதுரத்துக்குப் பிறகும் பேடை பிரஷ்ஷால் தேய்த்தோ துணியில் அழுத்தியோ சுத்தம் செய்யுங்கள். பழைய பாலிஷும் இழைத்த பெயிண்டும் சேர்ந்து அடைத்துக்கொண்ட பேட் வெட்டாது, சூடாக மட்டும் ஆகும். ஒரே பேடில் முழுக் காரையும் முடிக்க நினைக்காதீர்கள். குறைந்தது மூன்று நான்கு பேடுகளை மாற்றி மாற்றிப் பயன்படுத்த வேண்டியிருக்கும்.

பேடில் காரின் நிறம் ஒட்டினால் என்ன அர்த்தம்? கிளியர் கோட் இல்லாத பழைய முறைப் பெயிண்ட் என்றால் அது இயல்பு. கிளியர் கோட் உள்ள கார் என்று உறுதியாகத் தெரிந்தால், அந்த நொடியே மெஷினை நிறுத்துங்கள்.

மெஷின் இல்லாதவர்கள் கையால் போடலாமா? கைப்பிடி அருகே நகம் பட்ட கீறல்கள் போன்ற சின்ன இடங்களுக்கு ஃபோம் அப்ளிகேட்டரும் பாலிஷும் போதும். முழுக் காருக்கு என்றால் தோள்தான் போகும், பலன் அரைகுறையாக இருக்கும்.

படி 6: துடைத்துப் பார்த்தல்

பாலிஷில் உள்ள எண்ணெய் கீறல்களை மூடி, இல்லாத மினுமினுப்பைக் காட்டும். ஒரு பங்கு ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலுக்கு ஐந்தாறு பங்கு தண்ணீர் கலந்து தெளித்து, சுத்தமான துணியால் துடைத்தால் உண்மை நிலவரம் தெரியும். டார்ச்சைப் பல கோணங்களில் அடித்துப் பாருங்கள். கடைசியில் பூசப்போகும் பாதுகாப்பு நன்றாகப் பிடிப்பதற்கும் இந்தத் துடைப்பு அவசியம்.

படி 7: பாதுகாப்புப் பூச்சு

வாக்ஸ் பூசுவது எளிது, நல்ல மினுமினுப்பு தரும், ஆனால் ஓரிரு மாதங்களில் தேய்ந்துவிடும். சீலன்ட் பொதுவாக அதைவிட அதிக நாள் நிற்கும். செராமிக் கோட்டிங் இவற்றையெல்லாம்விட நீடிக்கும். ஆனால் சரியாகத் துடைக்காமல் விட்ட இடம் திட்டாகக் கெட்டியாகிவிட்டால், அதை எடுக்க மறுபடி பாலிஷ் போட வேண்டிவரும். முதல்முறை செய்பவர்களுக்கு நான் சொல்வது சீலன்ட்தான்.

எதுவானாலும் மெலிதாகப் பூசுங்கள். தடிமனாகப் பூசினால் கூடுதல் பாதுகாப்பு கிடைக்காது, துடைப்பதற்குள் கை வலிக்கும். டப்பாவில் போட்டிருக்கும் காயும் நேரம் முடியும்வரை மழையோ தண்ணீரோ படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். செராமிக் என்றால் முதல் 24 மணி நேரமாவது கார் மூடிய இடத்தில் நிற்பது நல்லது.

ஒரே நாளில் எல்லாவற்றையும் முடிக்க வேண்டும் என்றில்லை. முதல் நாள் கழுவி, கிளே போட்டு, டேப் ஒட்டும் வேலை வரை முடித்துக் காரை உள்ளே நிறுத்திவிட்டு, மறுநாள் காலையில் மெஷினை எடுக்கலாம். இரவில் படிந்த தூசியை மட்டும் தண்ணீர் விட்டு அலசிவிடுங்கள், துணியால் தட்டாதீர்கள்.

பேடுகளையும் மைக்ரோஃபைபர் துணிகளையும் வேலை முடிந்த அன்றே வெதுவெதுப்பான தண்ணீரில், திரவ சோப்பில் அலசிவிடுங்கள். பாலிஷ் காய்ந்துவிட்டால் போகாது. துணிகளை வீட்டுத் துணியோடு சேர்த்துப் போடாதீர்கள், பருத்தி நூல் ஒட்டிக்கொள்ளும். ஃபேப்ரிக் கண்டிஷனர் வேண்டவே வேண்டாம், இழைகளை அடைத்து உறிஞ்சும் தன்மையைக் கெடுத்துவிடும். நிழலில் உலர்த்தி, தூசி புகாத டப்பாவில் போட்டு மூடிவையுங்கள்.