வரும் அலையை எல்லாம் பிடிக்க வேண்டியதில்லை

அலைச்சறுக்குப் பழக வந்தவர் முதலில் செய்ய வேண்டியது, பலகையை மணலில் வைத்துவிட்டு அரை மணி நேரமாவது கடலைப் பார்த்துக்கொண்டிருப்பதுதான். இலங்கையின் கிழக்குக் கரையில் பொத்துவிலை அடுத்துள்ள அறுகம்பே அதற்கு ஏற்ற இடம். ஏறத்தாழ மே முதல் அக்டோபர் வரை அங்கே அலைப் பருவம். அம்மாதங்களில் காலை வேளையில் தரையிலிருந்து கடலை நோக்கி வீசும் காற்று அலையின் முகத்தைச் சீராக நிறுத்தி வைக்கும்; பிற்பகலில் கடற்காற்று எழுந்ததும் அதே அலை குலைந்துவிடும். விடியலில் எழ மனமில்லாதவருக்கு இந்தக் கலை பாதிதான் கிடைக்கும்.

கவனித்துப் பார்த்தால், பெரிய அலைகள் சில அடுத்தடுத்துக் கூட்டமாக வருவதும், பிறகு கடல் சற்று அடங்குவதும் தெரியும். அந்த அடக்கத்தில்தான் பலகையில் படுத்துக் கைகளால் துடுப்பிட்டு உள்ளே செல்ல வேண்டும். முதல் அலையைக் கண்டதும் பாய்ந்தவர், அது கைதவறிப்போக, பின்னால் வரும் பெரிய அலைகள் நொறுங்கும் இடத்தில் மூச்சிரைக்க மாட்டிக்கொள்வார். நான் இதைப் பலமுறை செய்திருக்கிறேன். அலையை விட்டுவிடவும் ஒரு துணிவு வேண்டும் என்பது எனக்கு அங்கேதான் பிடிபட்டது.

பலகை எட்டு அல்லது ஒன்பது அடி நீளமும் மெத்தென்ற மேற்பரப்பும் உடையதாக இருக்கட்டும். குட்டைப் பலகை பார்க்க அழகுதான், ஆனால் பழகாதவரை அது தாங்காது. அப்பகுதியின் சறுக்கு இடங்களில், பாறை அடித்தளமுள்ள மெயின் பாயிண்டை அனுபவசாலிகளுக்கு விட்டுவிட்டு, பேபி பாயிண்டிலோ விஸ்கி பாயிண்டிலோ தொடங்குங்கள். எழுந்து நிற்கும்போது பார்வை காலடியில் இருந்தால் உடலும் அங்கேயே சரியும். போக வேண்டிய திசையைப் பாருங்கள்.

விழுவதைத் தவிர்க்க முடியாது என்பதால், விழும் முறையைத் தனியாகப் பழக வேண்டும். தலைகீழாகப் பாயாமல் உடலைப் பரப்பி விழுந்து, மேலே வரும்போது இரு கைகளாலும் தலையை மூடிக்கொள்ளுங்கள். அலையைவிடப் பலகைதான் அதிகம் அடிக்கும். உங்களுக்கும் வரும் அலைக்கும் நடுவே பலகை ஒருபோதும் இருக்கக் கூடாது.

நீரோட்டம் கடலுக்குள் இழுத்துச் சென்றால், கரையைப் பார்த்து எதிர்நீச்சல் போட்டு வலிமையை இழப்பதுதான் பெரும்பாலோர் செய்யும் தவறு. அந்த இழுப்பு பொதுவாக ஓர் ஒடுங்கிய வாய்க்கால் போல ஓடுவதால், கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நகர்ந்து அதிலிருந்து விலகி, அதன் பிறகு அலைகளோடு கரை சேரலாம். பலகையை விடாமல் பற்றிக்கொண்டால் அதுவே மிதவை. இதே ஓட்டத்தைத் தெரிந்தவர்கள் களைப்பில்லாமல் உள்ளே போவதற்குப் பயன்படுத்துகிறார்கள் என்பதையும் கரையிலிருந்து பார்க்கலாம். எதிரி என்று நாம் பெயரிட்டது பல நேரம் நாம் படிக்காத பாதையாகத்தான் இருக்கிறது.

அலை முறியத் தொடங்கும் இடத்துக்கு மிக அருகில் இருப்பவருக்கே அந்த அலை உரியது. குறுக்கே புகுந்துவிட்டால் உடனே மன்னிப்புக் கேளுங்கள். சிரித்து மழுப்ப வேண்டாம்.

கை சோர்வதற்கு முன்பே, நீந்திக் கரையேறும் அளவுக்கு வலிமை மிஞ்சியிருக்கும்போதே வெளியே வந்துவிடுங்கள். பலகையை நன்னீரில் கழுவி நிழலில் சாய்த்து வையுங்கள், வெயிலில் விட்டால் கால் வழுக்காமலிருக்கப் பூசிய மெழுகு உருகி மணலெல்லாம் ஒட்டிக்கொள்ளும்.