லாரியில் இறங்கும் பெட்டியே கடையில் அலமாரியாக

கோவில்பட்டியில் எங்களுக்கு ஒரு சின்ன மரப்பட்டறை. அப்பா காலத்தில் தீப்பெட்டி பண்டல்களுக்குப் பலகைப் பெட்டி அடித்தோம். பிறகு அந்த வேலை முழுக்க அட்டைப் பெட்டிக்குப் போய்விட்டது. இப்போது நான் அதிகம் செய்வது வேறு வகைப் பெட்டி. சரக்கை ஏற்றி அனுப்பும் பெட்டியையே கடைக்காரர் திறந்து, அப்படியே காட்சிக்கு வைத்து விற்கலாம். எண்ணெய், தேன், கருப்பட்டி, சோப்பு என்று சிறிய அளவில் தயாரித்து வெளியூர் கடைகளுக்கு அனுப்புகிறவர்கள் கேட்டு வருகிறார்கள். செய்முறையை எழுதித் தாருங்கள் என்று பலர் கேட்டதால் இதை எழுதுகிறேன். உங்கள் ஊர் ஆசாரியிடம் காட்டினால் அவரே செய்துவிடுவார்.

விளாத்திகுளம் பக்கம் செக்கு வைத்திருக்கும் ஒரு அக்காவுக்காகச் செய்த பெட்டியை எடுத்துக்கொள்கிறேன். அரை லிட்டர் நல்லெண்ணெய், கண்ணாடி பாட்டில், பெட்டிக்கு 12. பாட்டிலின் விட்டம் 70 மி.மீ., உயரம் 240 மி.மீ. எண்ணெயோடு ஒரு பாட்டில் 850 கிராம் வருகிறது. மரத்தையும் சேர்த்தால் மொத்தம் 13 கிலோ. ஒரு ஆள் அலுக்காமல் தூக்கும் எடை இதுதான். 24 பாட்டில் போடச் சொன்னார்கள், நான் ஒத்துக்கொள்ளவில்லை. தூக்க முடியாத பெட்டியை யாரும் மெதுவாக இறக்கி வைக்க மாட்டார்கள், கீழே போட்டுவிடுவார்கள்.

பலகையைத் தொடுவதற்கு முன் கடைக்குப் போய் டேப் பிடியுங்கள். போக முடியாவிட்டால் அண்ணாச்சியிடம் போனில் கேளுங்கள்: பெட்டி எங்கே நிற்கும், ராக்கிலா, பில் போடும் மேசை ஓரத்திலா, தரையிலா? ராக் என்றால் இரண்டு தட்டுக்கும் இடையே எவ்வளவு உயரம்? அதைவிட முக்கியமான கேள்வி ஒன்று உண்டு. பெட்டியைத் திறக்கப் போவது யார்? பெரும்பாலும் கடையில் வேலை பார்க்கும் ஒரு தம்பி. அவர் கையில் சுத்தியல் இருக்காது, ஸ்க்ரூ டிரைவர் தேட நேரமும் இருக்காது, ஒரு பிளேடு இருக்கும். அந்தப் பிளேடை வைத்து ஒரு நிமிடத்தில் திறக்க முடிந்தால்தான் உங்கள் பெட்டி கடையில் நிற்கும். இல்லாவிட்டால் பாட்டில்களை உருவிவிட்டுப் பெட்டியைக் கொல்லைப்புறம் எறிந்துவிடுவார்கள். நான் ஒவ்வொரு அளவையும் முடிவு செய்வது அந்தத் தம்பியின் கையை நினைத்துத்தான்.

மரத்துக்கு வருவோம். தூத்துக்குடித் துறைமுகத்துக்குச் சரக்கோடு வந்து இறங்கும் பைன் பேலட்களை, அதாவது சரக்கை அடுக்கும் மரத் தட்டுகளை, பிரித்துத்தான் நாங்கள் பலகை எடுக்கிறோம். லேசான மரம், இழைத்தால் வெளுப்பாக அழகாக வரும். வாங்கும்போது பேலட்டின் பக்கத்தில் சூடு போட்ட முத்திரையைப் பாருங்கள். எச்.டி. என்றிருந்தால் மரத்தின் நடுப்பகுதி வரை 56 டிகிரி சூடு 30 நிமிடம் ஏறியது என்று அர்த்தம். எம்.பி. என்றிருந்தால் மெத்தில் புரோமைடு புகை போட்ட மரம். தின்பண்டம், எண்ணெய் வைக்கும் பெட்டிக்கு அதை நான் தொடுவதில்லை. முத்திரையே இல்லாததையும் ஒதுக்கிவிடுவேன். வெளிநாட்டுக்கு அனுப்புவதாக இருந்தால் இன்னொரு விஷயம். பழைய பேலட் முத்திரையோடு இருக்கும் பலகையில் புதுப் பெட்டி செய்தால் அந்த முத்திரை செல்லாது. அதை அழித்துவிட்டு, அனுமதி பெற்ற இடத்தில் மறுபடி சூடேற்றிப் புது முத்திரை வாங்க வேண்டும். பிளைவுட்டுக்கு இந்த விதி கிடையாது.

அளவுகள்: உள்ளே 320-க்கு 240 மி.மீ., அடியிலிருந்து மூடி வரை 250. பக்கப் பலகையும் பின்பலகையும் 12 மி.மீ. கனம், அடிக்கு 9 மி.மீ. பிளைவுட், மூடி 6, முன்பலகை 9. பாட்டில்களுக்கு நடுவே மூன்று அடுக்கு அட்டையில் கட்டம் போட்டுவிடுங்கள். கண்ணாடியும் கண்ணாடியும் தொடவே கூடாது.

வேலை முழுக்க இரண்டு பக்கப் பலகைகளில்தான் இருக்கிறது, அதை நிதானமாகச் செய்யுங்கள். உள்முகத்தில் மூன்று காடி, அதாவது நீளமான பள்ளம், எடுக்க வேண்டும், எல்லாமே 5 மி.மீ. ஆழம். முதல் காடி மேல் விளிம்பிலிருந்து 10 மி.மீ. இறக்கி, படுக்கையாக, பின்பலகை வரை. மூடி இதில்தான் வழுக்கி வரும். முன்பக்கம் இந்தக் காடி திறந்திருக்க வேண்டும், மூடியை நம்மைப் பார்த்து இழுப்பதற்காக. இரண்டாவது, முன் ஓரத்தில் செங்குத்தாக, முன்பலகை மேலிருந்து இறங்குவதற்கு. மூன்றாவது காடிக்காகப் பக்கப் பலகையைப் பின்பலகைக்கும் பின்னால் ஓர் அங்குலம் நீட்டிவிடுகிறேன். அந்த நீட்டலில் 16 மி.மீ. அகலத்தில் செங்குத்துக் காடி, மேலிருந்து 100 மி.மீ. இறங்கி அதோடு நின்றுவிட வேண்டும்.

இப்போது பெட்டி கடையில் எப்படித் திறக்கும் என்று பாருங்கள். மூடியின் முன் ஓரத்திலும் அதற்கு நேர் கீழே முன்பலகையிலும் துளை போட்டு, கேபிள் டை (இழுத்தால் இறுகும் பிளாஸ்டிக் பட்டை) இரண்டு கோத்து இறுக்கி அனுப்புகிறோம். தம்பி பிளேடால் இரண்டையும் அறுக்கிறார். மூடியை முன்னால் இழுக்கிறார். மூடி போனதும் முன்பலகை விடுபட்டுவிடும், மேலே தூக்கினால் வந்துவிடும். இரண்டையும் கொண்டுபோய்ப் பின்னால் இருக்கும் அந்தக் காடியில் செங்குத்தாகச் சொருகுகிறார், மூடி முன்னால், முன்பலகை அதன் பின்னால். அவ்வளவுதான். மூடி இப்போது பாட்டில்களுக்கு மேலே பெயர்ப்பலகையாக நிற்கிறது. எந்தத் துண்டும் தொலையவில்லை, தனியாக எடுத்து வைக்கவும் எதுவும் இல்லை.

செக்கின் பெயரையும் படத்தையும் மூடியின் அடிப்பக்கத்தில் அச்சடிக்க வேண்டும், வெளிப்பக்கத்தில் இல்லை. லாரியில் வரும்போது அந்த முகம் உள்ளே பத்திரமாக இருக்கும். கடையில் திருப்பிச் சொருகும்போது கீறல் இல்லாமல் புதிதாகத் தெரியும். முன்பலகைக்கு நேர் எதிர் வேலை. பார்சல் ஆபீசில் எல்.ஆர். என்கிற லாரி ரசீதை ஒட்டுவதும், மார்க்கரில் ஊர் பேர் எழுதுவதும், அழுக்குக் கை படுவதும் எல்லாம் அதன் மேல் நடக்கட்டும். திறந்ததும் அது மூடிக்குப் பின்னால் மறைந்துவிடும். விலாசத்தை அந்தப் பலகையிலேயே பெரிதாக எழுதிவிட்டால் சுமை தூக்கும் அண்ணன்கள் வேறு பக்கத்தில் கிறுக்க மாட்டார்கள். பொட்டலப் பொருள் விதிப்படி மொத்தப் பெட்டியின் மேல் தயாரித்தவர் பெயரும் விலாசமும், என்ன பொருள், உள்ளே எத்தனை பாட்டில் அல்லது மொத்த நிகர அளவு எவ்வளவு என்பதும் இருக்க வேண்டும். அதையும் அங்கேயே எழுதிக்கொள்ளுங்கள்.

முன்பலகையை எடுத்த பிறகும் முன்னால் கீழே நிலையாக நிற்கும் தடுப்பை ஒன்றரை அங்குலத்துக்கு மேல் உயர்த்தாதீர்கள். பாட்டில் சரியாமல் இருக்க அது போதும். மூன்று அங்குலம் வைத்தால் லேபிளில் பாதி மறைந்துவிடும்.

மூடியின் விஷயத்தில் நான் பட்ட பாட்டைச் சொல்லியாக வேண்டும். முதல் தடவை 40 பெட்டி செய்து சென்னைக்கு அனுப்பினோம். பட்டறையில் மூடி வெண்ணெய் போல வழுக்கியது. அனுப்பியது கார்த்திகை மாதம், அங்கே விடாத மழை. நான்கு நாளில் போன் வந்தது, மூடி அசையவே இல்லையாம். ஒரு கடையில் சுத்தியலால் அடித்து உடைத்தே எடுத்திருக்கிறார்கள். அக்கா ஒன்றும் கடிந்துகொள்ளவில்லை, எனக்குத்தான் அன்று சாப்பாடு இறங்கவில்லை. பஸ் ஏறிப் போய்ப் பார்த்தேன். தப்பு என்னுடையதுதான். மூடிப் பலகையின் ரேகையை, அதாவது மரத்தின் நார் ஓடும் வரியை, முன்னும் பின்னுமாக ஓட விட்டிருந்தேன். ஈரம் ஏறினால் மரம் ரேகையின் போக்கில் நீளாது, குறுக்கே ஊதும். 320 மி.மீ. அகலம் 3 மி.மீ. கூடியிருந்தது, இரண்டு காடிக்கும் நடுவே ஆப்பு மாதிரி இறுகிவிட்டது.

அப்போதிருந்து மூடியின் ரேகையை இடமிருந்து வலமாக ஓட விடுகிறேன். ஊதினாலும் மூடி வழுக்கும் திசையில்தான் ஊதும், பக்கக் காடியை நெருக்காது. முன்பலகையிலும் ரேகை இடம் வலமாகத்தான் ஓடும். அது மேல்நோக்கி ஊதும் என்பதால் அதன் தலைக்கும் மூடிக்கும் நடுவே 3 மி.மீ. இடைவெளி விடுங்கள். காடியின் அகலம் மூடியின் கனத்தைவிட ஒரு மி.மீ. கூடுதலாக இருக்கட்டும். கடைசியில் ஒரு மெழுகுவர்த்தியை எடுத்துக் காடி முழுக்க அழுத்தித் தேய்த்துவிடுங்கள். கிரீஸ், எண்ணெய் எதுவும் வேண்டாம், தூசி பிடிக்கும்.

மூலைகளை ஆணி மட்டும் அடித்து விடக் கூடாது. பலகையின் வெட்டு முகத்தில் இறங்கும் ஆணிக்குப் பிடிப்பு குறைவு. லாரி நாலு பள்ளத்தில் இறங்கி ஏறினால் மெல்லக் கழன்று வரும். வட்டமான பாட்டில் சதுர மூலையில் உட்கார்ந்தால் அந்த மூலை காலியாகத்தானே கிடக்கிறது? அங்கே 20 மி.மீ. ரீப்பரை (ஒல்லியான சதுரக் கட்டையை) மூலைக்கு மூலை நீளவாக்கில் அறுத்து முக்கோணக் கட்டையாக நிறுத்தி, பசை தடவி, பலகையின் பக்கமிருந்து ஸ்க்ரூ முடுக்குங்கள். பாட்டிலுக்கு இடைஞ்சல் இல்லை, பெட்டிக்கு உயிரே அதுதான். பின்மூலை இரண்டிலும் முழு உயரத்துக்கு நிறுத்தலாம். முன்மூலையில் தடுப்பின் உயரத்துக்கு மட்டும் போதும்.

ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கும்போது பாரம் மூடியில் இறங்கக் கூடாது. மூடி விளிம்புக்குக் கீழே தாழ்ந்திருப்பதால் மேல் பெட்டி பக்கப் பலகைகளின் மேல்தான் உட்காரும். அதற்கு ஏற்றபடி அடியில், பக்கப் பலகைக்கு நேராக 15 மி.மீ. ரீப்பர் இரண்டு அடியுங்கள். ஒவ்வொரு ரீப்பரின் உட்பக்கத்தையும் ஒட்டி ஒரு மெல்லிய பட்டி, ரீப்பரைவிட 5 மி.மீ. கீழே இறங்கும்படி. அது கீழ்ப் பெட்டிக்குள் கொஞ்சம் இறங்கி உட்காருவதால் அடுக்கு வழுக்காது.

கடையில் நாங்கள் சொல்லித் தருவது நான்கு பெட்டி அடுக்கு. கீழே மூன்று மூடியபடி, அதுதான் இருப்பு. மேலே ஒன்று திறந்தபடி. நாலும் சேர்ந்தால் கிட்டத்தட்ட நாலடி உயரம், வாடிக்கையாளர் குனியாமல் எடுக்கலாம். மேல் பெட்டி காலியானதும் அதை அடியில் கொடுத்துவிட்டு அடுத்ததைத் திறந்தால் உயரம் அப்படியே நிற்கும்.

கைப்பிடி மறக்காதீர்கள். இரண்டு பக்கமும் 100-க்கு 30 மி.மீ. துளை, நடுவுக்குக் கொஞ்சம் மேலே, ஓரம் உரசாமல் நன்றாக உப்புத்தாள் போட்டு. பிடிக்க இடம் இல்லாத பெட்டியில் சுமை தூக்குகிறவர்களின் கொக்கிதான் விழும்.

உள்ளே வார்னிஷ் அடிக்க வேண்டாம், வாடை பொருளில் ஏறும். வெளியே 120 நம்பர் உப்புத்தாள் தேய்த்து அப்படியே விட்டால்கூட பைனுக்கு அழகுதான்.

அனுப்புவதற்கு முன் ஒரு பெட்டியைப் பலி கொடுத்துச் சோதியுங்கள். பாட்டில்களில் தண்ணீர் நிரப்பி, கட்டி, இடுப்பு உயரத்திலிருந்து சிமெண்ட் தரையில் ஒரு மூலை படும்படி விடுங்கள். அப்புறம் ஒரு விளிம்பு, அப்புறம் அடிப்பக்கம். தண்ணீர் எண்ணெயைவிடக் கனம் என்பதால் இதில் தாங்கினால் எண்ணெயிலும் தாங்கும். அதோடு, பெட்டியைப் பற்றி எதுவும் தெரியாத ஒருவர் கையில் பிளேடைக் கொடுத்து, வாயைத் திறக்காமல் நின்று பாருங்கள். நான் பக்கத்து டீக்கடைத் தம்பியைக் கூப்பிடுவேன். அவர் முதலில் எங்கே கை வைக்கிறாரோ அங்கேதான் கேபிள் டை இருக்க வேண்டும். முதல் தடவை அவர் மூடியைப் பின்பக்கம் தள்ளிப் பார்த்தார். அதிலிருந்து மூடியின் மேல் ஒரு அம்புக்குறி சுட்டுவிடுகிறோம்.

எல்லாச் சரக்குக்கும் மரம் வேண்டியதில்லை. கடலை மிட்டாய் பாக்கெட், சோப்பு மாதிரி உடையாத பொருளுக்கு அட்டையே போதும். ஜெர்மனியின் ஆல்டி, லிடில் கடைகளில் அட்டைப் பெட்டியின் முன்பக்கத்தைக் கிழித்துவிட்டு அப்படியே அலமாரியில் ஏற்றிவிடுகிறார்கள். சிவகாசியில் டை கட்டிங் போடுகிறவரிடம், அதாவது அச்சு வைத்து அட்டை வெட்டுகிறவரிடம், சொன்னால் கிழிக்கும் கோட்டைத் துளைத் துளையாக அடித்துத் தருவார். அந்தக் கோடு பெட்டியின் மூலை மேல் ஓடாமல் பார்த்துக்கொள்ளுங்கள், அட்டைப் பெட்டியின் பலத்தில் பெரும்பகுதி நான்கு மூலையில்தான் இருக்கிறது. மழைக்காலத்தில் அட்டை நமுத்துப் போய் பாதி பலத்தை இழந்துவிடும், அப்போது ஒரு அடுக்கு குறைத்து அடுக்கச் சொல்லுங்கள்.

மரப்பெட்டியின் விலை அட்டையைவிடப் பல மடங்கு என்பதால் அது திரும்பி வந்தால்தான் கட்டுப்படியாகும். அக்கா கடைக்காரரிடம் பெட்டிக்கு முன்பணம் வாங்கிக்கொள்கிறார், அடுத்த சரக்கு இறக்கும்போது காலிப் பெட்டியைப் பெற்றுக்கொண்டு கழித்துவிடுகிறார். வந்த பெட்டியை உடனே சரக்கேற்றாமல் ஒரு நாள் நிழலில் உலர விடுங்கள். மூடியை இரண்டு தரம் இழுத்துப் பாருங்கள், இறுகினால் ஓரத்தில் ஒரு சீவு. அடி ஸ்க்ரூவை எல்லாம் ஒரு சுற்று முடுக்கி, காடியில் மெழுகு தேய்த்து, புது கேபிள் டை இரண்டைப் பெட்டிக்குள் போட்டு வைத்தால் அடுத்த லோடுக்குத் தயார்.